சொட்டாத கசிவு: பாய்மரப் படகின் டீசல் லைனும் பொம்மனஹள்ளிப் பட்டறைகளும்

பொம்மனஹள்ளியிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் சாலை வழியே சுமார் 350 கிலோமீட்டர். ஓசூர் ரோட்டின் இரு பக்கமும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள், லாரி ஷெட்டுகள், சந்துக்குச் சந்து பட்டறைகள், 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோவின் தூண்கள். பாய்மரம் என்ற பேச்சே எழாத ஊர் இது. ஆனாலும் பாய்மரப் படகின் டீசல் எஞ்சினில் எரிபொருள் குழாய் கசிந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்ற கேள்விக்குத் துறைமுக ஊர்களைவிட இங்கே தெளிவான பதில் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பக்கத்திலுள்ள ஆடுகோடி. 1951இல் தொடங்கி அங்கே தொழிற்சாலை அமைத்த மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, சுருக்கமாக மைக்கோ, இந்தியாவின் லாரிக்கும் டிராக்டருக்கும் பம்ப்செட்டுக்கும் டீசல் பம்பும் நாசிலும் செய்து கொடுத்தது. 2008இல் கம்பெனியின் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. ஆனால் நாகப்பட்டினத்து விசைப்படகுக்காரரும் கிருஷ்ணகிரி லாரி டிரைவரும் இன்றுவரை ‘மைக்கோ பம்பு’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தத் தொழிற்சாலையின் நிழலில் பம்ப் ஒர்க்‌ஷாப்புகள் வளர்ந்தன. டீசலை அழுத்தி அனுப்பும் கலை தெரிந்த இரண்டு மூன்று தலைமுறைக் கைகள் இந்தப் பகுதியில் இருக்கின்றன.

இரண்டாவது காரணம், அடுக்ககங்களின் ஜெனரேட்டர். கேனப்பி என்ற கூடு போட்ட ஜெனரேட்டர் செட்டில் டீசல் டேங்க் பெரும்பாலும் எஞ்சினுக்குக் கீழே, அடிச்சட்டத்திலேயே இருக்கும். எஞ்சின் தன் எரிபொருளைக் கீழிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பாய்மரப் படகிலும் இதே அமைப்புதான். டேங்க் படகின் அடிவயிற்றில் இருக்கிறது. பாதுகாப்பு கருதி அதன் அடியில் துளை போடுவதில்லை. மேலிருந்து ஒரு குழாயை உள்ளே இறக்கி உறிஞ்சுகிறார்கள். இந்த ஒற்றுமை மேலோட்டமானதல்ல. படகில் வரும் டீசல் கோளாறுகளில் மிக மோசமான வகை இதிலிருந்துதான் பிறக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில், பாயில் ஓடும் படகுக்கு எஞ்சின் எதற்கு? பெங்களூரு ஹலசூரு ஏரியில் மெட்ராஸ் சேப்பர்ஸ் படைவீரர்கள் பழகும் சிறு படகுகளுக்கு அது தேவையே இல்லை. ஆழ்கடலுக்குப் போகும் படகின் கதை வேறு. ராணுவப் பொறியாளர் படையினர் 1985–87இல் உலகைச் சுற்றிய ‘திரிஷ்ணா’, கடற்படையின் ‘மாதேயி’, அதன் தங்கையான ‘தாரிணி’ எல்லாமே பாயை நம்பி ஓடிய படகுகள்தாம். தாரிணியில்தான் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டு தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். பாயே எல்லாம் என்றாலும் ஆழ்கடல் படகில் துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று செத்த இடத்தில் பாறையை விட்டு விலகவும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவும் எஞ்சின் வேண்டும். பேட்டரி போனால் வானொலி, வழிகாட்டும் கருவிகள், தானியங்கிச் சுக்கான் எல்லாம் போகும். ஆக, படகோட்டிக்கு எஞ்சின் எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. தேவைப்படும் அந்த நேரத்தில் கட்டாயம் தேவைப்படுகிறது. கசிவு தன்னைக் காட்டுவதும் அந்த நேரத்தில்தான்.

டீசல் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். டேங்கிலிருந்து உறிஞ்சு குழாய், பிறகு தண்ணீர் பிரிக்கும் முதல் ஃபில்டர், பிறகு ஃபீட் பம்ப். அதுவரை குழாய்க்குள் இருப்பது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம். ஃபீட் பம்பிலிருந்து எஞ்சின்மேல் இருக்கும் இரண்டாவது ஃபில்டர் வழியாகப் பெரிய பம்ப் வரை லேசான அழுத்தம். பெரிய பம்பிலிருந்து நாசில் வரை எஃகுக் குழாயில் கடும் அழுத்தம். பழைய வகை எஞ்சின்களில் நாசில் திறக்கவே 150 முதல் 250 பார் வரை தேவை. நாசிலில் மிஞ்சுவது ஓவர்ஃப்ளோ லைன் வழியாக மறுபடி டேங்குக்கு. இந்த நான்கு துண்டுகளிலும் கசிவு வரும். ஆனால் நான்கும் ஒரே கசிவு அல்ல. ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் கோளாறு கூடும். கசிவு என்று கேட்டதுமே ஸ்பேனரை எடுத்து இறுக்குவதுதான் நான் பார்த்தவரை எல்லோரும் செய்யும் முதல் தவறு.

உறிஞ்சும் பக்கத்துக் கசிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பார்த்தவருக்கு இது புரியும்: இளநீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே வரும். டேங்க் மேலேயும் எஞ்சின் கீழேயும் இருக்கும் பழைய பம்ப்செட்டில் குழாயில் ஊசித்துளை விழுந்தால் தரையில் டீசல் கறை தெரியும். அதே துளை படகில் விழுந்தால் எதுவும் தெரியாது. அடித்தட்டு காய்ந்து கிடக்கும், டீசல் வாடைகூட இருக்காது. எஞ்சின் காலையில் கிளம்பும், பத்து இருபது நிமிடம் ஓடும், பிறகு சத்தம் ஏறி இறங்கும், நிற்கும். ஏர் எடுத்துவிட்டால், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினால், மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். இரவு நிறுத்தி வைத்தால் அந்தத் துளை வழியாகக் காற்று புகுந்து, குழாயிலிருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றிச் சுற்றி பேட்டரி தீரும். எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவர், தர்மபுரிக்காரர், ஜெனரேட்டர் ஒன்றின் முன் குந்திக்கொண்டு ஒரே வரியில் சொன்னார்: “சார், இது வெளிய விடுற லீக்கு இல்ல, உள்ள இழுக்குற லீக்கு.” படகு எஞ்சின் நூல்கள் ஒரு அத்தியாயத்தில் விளக்குவதை அந்த வரி சொல்லிவிட்டது.

இந்த வகைக் கசிவு புகும் இடங்கள் சிலவே. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் கிண்ணத்துக்கு மேலுள்ள ரப்பர் வளையம் முதல் சந்தேகம். ஃபில்டர் மாற்றியவுடன் கோளாறு தொடங்கியிருந்தால் அநேகமாக அதுதான். பழைய வளையம் மேல்மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புது வளையத்தையும் போட்டிருப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம் ஒருபோதும் சரியாக அமராது. அடுத்து, அதே கிண்ணத்தின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு. அடுத்து, ஹோஸ் கிளிப்: நூல் தேய்ந்ததாகவோ, ஹோஸுக்குப் பெரியதாகவோ இருந்தால் ஒரு பக்கம் மட்டும் கடித்துக்கொண்டு மறுபக்கம் இடைவெளி விடும். கடைசியாக டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய். இது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருப்பிடித்துத் துளை விழும். டேங்க் நிறைய இருக்கும்போது துளை டீசலுக்குள் மூழ்கியிருக்கும், எஞ்சின் நன்றாக ஓடும். மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று இழுக்கும். பாதி டேங்கில் மட்டும் நிற்கும் எஞ்சின் என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டேங்கில் டீசல் குறைவாக இருந்து படகு காற்றில் ஒருபக்கம் சாய்ந்தால், குழாயின் நுனி டீசலை விட்டு வெளியே வந்து காற்றை இழுக்கும். அங்கே கசிவு என்று எதுவும் இல்லை, டீசல் ஊற்றினால் போதும்.

இதைப் பிடிக்க ஜெனரேட்டர்காரர்கள் செய்யும் சோதனையைப் படகில் போகும் ஒவ்வொருவரும் கற்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, கேனிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபீட் பம்பின் வாயில் மாட்டுகிறார்கள். ஏர் எடுத்து எஞ்சினை ஓட்டுகிறார்கள். அரை மணி நேரம் பிசிறில்லாமல் ஓடினால் பெரிய பம்பும் நாசிலும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். பிறகு அந்த ஹோஸின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக டேங்க் பக்கம் நகர்த்துகிறார்கள்: முதலில் ஃபில்டருக்குப் பின்னால், பிறகு முன்னால், பிறகு டேங்கின் வால்வில். எந்த இடத்துக்குப் போனதும் எஞ்சின் மறுபடி திணறுகிறதோ, அந்தத் துண்டில்தான் துளை. ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் ஒரு சாண் தெளிவான பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாகப் போட்டால் காற்றுக் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சோதனை முடிந்ததும் அந்த டியூபைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். எத்தனையோ படகில் அது நிரந்தரமாகி, வெயிலிலும் சூட்டிலும் கல்லாகி, விரிசல் விட்டு அடுத்த கசிவாகிறது.

வெளியே சொட்டும் கசிவுக்கு இவ்வளவு துப்பறியத் தேவையில்லை. ஆனால் பொறுமை வேண்டும். டீசல் மெல்லிய எண்ணெய். ஓரிடத்தில் கசிந்து, குழாயின் அடிப்பக்கமாக ஓடி, வேறோர் இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்தை இறுக்கிவிட்டு நிம்மதி அடைபவர்கள் நிறைய. எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் சுற்றி, கைப்பம்பை அடித்து அழுத்தம் ஏற்றினால் முதலில் நனையும் பேப்பர் உண்மையைச் சொல்லும். முகப்பவுடரைத் தூவிப் பார்ப்பவர்களும் உண்டு. ஒரு நொடிக்கு ஒரு சொட்டு, ஒரு மில்லிலிட்டருக்கு முப்பது சொட்டு என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் வருகிறது. சின்னக் கசிவு என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான நேரம் குற்றவாளி ஒரு செம்பு வாஷர். ஃபில்டரிலும் பம்பிலும் டீசல் குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு வளையக் கண். அதன் நடுவே துளையுள்ள பேஞ்சோ போல்ட். கண்ணுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வாஷர். டீசலைத் தடுப்பது போல்ட்டின் மரை அல்ல, இந்த இரண்டு வாஷரும்தான். புது வாஷர் மெத்தென்று இருக்கும். இறுக்கும்போது எதிர் உலோகத்தின் கோடுகளுக்குள் தானே பதிந்து அடைக்கும். ஒருமுறை நசுங்கியதும் செம்பு கடினப்பட்டுவிடும். கழற்றி மறுபடி போட்டால் பழைய பள்ளம் புது இடத்தோடு பொருந்தாது. அப்போது சொட்டத் தொடங்கும். ஆள் இன்னும் இறுக்குவார். செம்பு அசையாது, போல்ட் நீளும், அல்லது அலுமினிய ஃபில்டர் தலையின் மரை கிழியும். பத்து ரூபாய் வாஷருக்கான வேலை ஆயிரக்கணக்கில் முடிவது இப்படித்தான். ஒர்க்‌ஷாப்பில் புது வாஷர் இல்லாதபோது பழையதை ஒரு கம்பியில் கோத்து அடுப்புச் சுடரில் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சுவார்கள். பிறகு தண்ணீரில் போட்டாலும் சரி, தானாக ஆறவிட்டாலும் சரி, செம்பு மறுபடி மெத்தென்று ஆகிவிடும். மேலே படிந்த கரும் பொறுக்கை மெல்லிய எமரித் தாளை ஒரு கண்ணாடிமேல் வைத்து வட்டமாகத் தேய்த்து எடுக்க வேண்டும். குறுக்கே கீறல் இருந்தால் அந்த வாஷரைத் தூக்கிப் போட்டுவிடலாம், எவ்வளவு காய்ச்சினாலும் உதவாது. அலுமினிய வாஷரில் இந்த வேலை வேண்டாம். சிவக்கும் முன்பே உருகிவிடும். இதைத் தெரிந்தவர் கப்பலில் ஒருவர் இருந்தால் போதும், நடுக்கடலில் ஒரு கசிவு நின்றுபோகும்.

டெஃப்ளான் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிளம்பர் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை டீசல் இணைப்பில் சுற்றும் பழக்கம் நம் கடற்கரை முழுக்க உண்டு. இது கூடவே கூடாது. மரையை அடைத்துப் பயனில்லை என்று மேலே சொன்னேன். அதோடு, இறுக்கும்போது அந்த டேப் இழை இழையாகக் கிழிந்து உள்ளே போகும். ஃபில்டருக்குப் பிறகு உள்ள இணைப்பாக இருந்தால் அந்த இழை நேராகப் பம்புக்கும் நாசிலுக்கும் போய்ச் சேரும். எம்-சீல் என்ற ஒட்டுப் பசையும் இதே ரகம். எண்ணெய் படிந்த இரும்பில் அது பிடிக்காது, பிடித்தது போல் காட்டிவிட்டு அதிர்வில் உதிரும்.

கடும் அழுத்தக் குழாயில் பேச்சு வேறு. பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் எஃகுக் குழாய்களின் நீளமும் உள்துளையும் ஒன்றுபோல் இருப்பது தற்செயலல்ல. எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவு டீசல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். இந்தக் குழாய் விரிசல் விடுவது பெரும்பாலும் நட்டுக்கு அருகே, கழுத்தில். காரணம் அழுத்தமல்ல, அதிர்வு. குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு கிளாம்புகளை முந்தைய மெக்கானிக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டியிருக்க மாட்டார். ஆதரவில்லாத குழாய் எஞ்சினோடு நாள் முழுக்க நடுங்கிக் களைத்துப் பிளக்கும். இதற்குப் பற்றவைப்பு கிடையாது. புதுக் குழாய்தான் வழி. புதுக் குழாயை மாட்டும்போது இரண்டு முனை நட்டையும் முதலில் கையாலேயே முழுக்கத் திருக முடிய வேண்டும். கையால் போகவில்லை என்றால் வளைவு சரியில்லை என்று பொருள். அங்கே ஸ்பேனரால் இழுத்துச் சேர்த்தால் அடுத்த பிளவை இன்றே விதைத்தாயிற்று. அந்தப் பழைய கிளாம்பைத் தேடி மாட்டுவதும் வேலையில் சேர்த்திதான். நான் கேட்ட பம்ப்காரர்கள் அத்தனை பேரும் குழாயைவிடக் கிளாம்பைப் பற்றித்தான் அழுத்திப் பேசினார்கள்.

எஞ்சின் ஓடும்போது இந்தக் குழாயில் கசிவைக் கை வைத்துத் தேடக் கூடாது. ஊசித்துளையிலிருந்து பீறிடும் டீசல் கண்ணுக்குத் தெரியாமலே தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் சின்னப் புள்ளி, வலிகூட இராது. சில மணி நேரத்தில் விரல் வீங்கும், தசை அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். அரசு மருத்துவமனைக்குப் போனாலும் தனியாருக்குப் போனாலும் ‘அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது’ என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு முள் குத்தியது போலத்தான் இருக்கும். தேடுவதற்கு அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள்.

அழுத்தம் குறைவு என்பதால் யாரும் மதிக்காத துண்டு ஓவர்ஃப்ளோ லைன். நாசிலுக்கு நாசில் போகும் அந்தச் சிறு ரப்பர் ஹோஸ் எஞ்சினின் தலைமேலேயே கிடந்து சூட்டில் காய்ந்து, விரலால் வளைத்தால் ஒடியும் நிலைக்கு வந்துவிடும். அது எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு 2013 பிப்ரவரி 10 சான்று. மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் டிரயம்ப்’ என்ற உல்லாசக் கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. ஓர் எஞ்சினின் எரிபொருள் திரும்பும் வழியிலிருந்த நெகிழ்வான ஹோஸ் கசிந்து, டீசல் சூடான இடத்தில் தெறித்திருந்தது. தீயை அணைத்துவிட்டார்கள். ஆனால் மின்சாரமும் உந்துவிசையும் போய், நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரோடு கப்பல் மிதந்தது. இழுவைக் கப்பல்கள் அதை அலபாமாவின் மொபில் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க 14ஆம் தேதி இரவாகிவிட்டது. பெரிய கப்பல்களுக்கு இரட்டைச் சுவர்க் குழாய் கட்டாயம். கடும் அழுத்தக் குழாய்மேல் இன்னொரு உறை. 220 டிகிரிக்கு மேல் சூடாகும் எந்தப் பரப்பையும் மூடிவைக்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி. முப்பது நாற்பது அடிப் பாய்ப்படகை இந்த விதி கட்டுப்படுத்தாது. அங்கே உறை, மூடி எல்லாம் படகுக்காரரின் பொறுப்பு உணர்ச்சிதான்.

இந்த இடத்தில் இந்திய டீசலுக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. டீசல் எளிதில் பற்றாது, பெட்ரோல் மாதிரி பயப்பட வேண்டாம் என்று படகு நூல்கள் எழுதுகின்றன. அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. ஐரோப்பியத் தரத்தில் டீசலின் ஆவி பற்றும் வெப்பநிலை 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அமெரிக்கச் சாதாரண டீசலுக்கு 52. நம் பங்க்கில் விற்கும் டீசலுக்கு ஐஎஸ் 1460 தரம் வைத்திருக்கும் கீழ்வரம்பு 35 டிகிரிதான். கப்பல்களுக்குச் சோலாஸ் கேட்பது 60. அதனால்தான் நம் கடற்படைக்கு 66 டிகிரிக்குக் குறையாத தனி டீசல் இருக்கிறது. தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ மே மாத மதியத்தில் மூடிக்கிடக்கும் படகின் எஞ்சின் அறை நாற்பதைச் சுலபமாகத் தாண்டும். பங்க் டீசல் அடித்தட்டில் தேங்கிக் கிடக்கும் அறையில் ஒரு தளர்ந்த பேட்டரி ஒயர் பொறி விட்டால் போதும். நூலில் படித்த தைரியம் இங்கே செல்லாது. கசிவு இருக்கும்போது முதலில் எஞ்சின் அறையைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே தலையை நீட்ட வேண்டும்.

டீசலே மாறிவருவதும் கசிவுக்கு ஒரு காரணம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்-6 டீசல். கந்தகம் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்குதான். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் மற்ற சில சேர்மங்களும் குறைகின்றன. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த நைட்ரைல் ரப்பர் வளையங்கள் புது டீசலில் சுருங்கும். பம்பின் மூடியிலும் ஷாஃப்டிலும் அதுவரை இல்லாத ஈரம் தெரியும். அமெரிக்கா 1993இல் கந்தகத்தைக் குறைத்தபோது இந்தக் கோளாறு அங்கே பரவலாக வந்தது. வரப்போகும் பயோடீசலுக்கோ நேர் எதிரான குணம்: இயற்கை ரப்பரையும் பழைய நைட்ரைலையும் அது மெல்ல அரித்து இளக்கும். 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030க்குள் டீசலில் 5 விழுக்காடு பயோடீசல் கலப்பதை இலக்காக வைத்திருக்கிறது. பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் வளையம் மாற்றும்போது கடைக்காரரிடம் வைட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்குவது நல்லது. விலை கூடுதல், இரண்டு வகை டீசலுக்கும் தாங்கும்.

ஹோஸும் அப்படித்தான். படகுக்கான எரிபொருள் ஹோஸில் ஐஎஸ்ஓ 7840 என்ற எண் நெடுக அச்சாகியிருக்கும். தீயில் இரண்டரை நிமிடம் தாங்குகிறதா என்று சோதித்தது அது. ஹார்டுவேர் கடை நைலான் பின்னல் டியூபில் அந்த எண் இருக்காது. அதை மாட்டியவர் சிக்கனம் பார்த்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் சரியான ஹோஸ் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை, வரவழைக்கத்தான் வேண்டியிருக்கிறது. செம்புக் குழாய் படகில் பழைய வழக்கம். படகோடு அதிர்ந்து கடினப்பட்டு விரிசல் விடும் என்பதால் எஞ்சினுக்கு அருகே கடைசித் துண்டு மட்டும் நெகிழ்வான ஹோஸாக இருந்தாக வேண்டும். நாக முலாம் பூசிய ஜி.ஐ. குழாயை டீசலுக்குப் போடவே கூடாது. நாகம் டீசலோடு சேர்ந்து சோப்புப் போன்ற படிவை உண்டாக்கி ஃபில்டரை அடைக்கும்.

ஃபீட் பம்பின் உள்கசிவு தனி வகை. அதன் உள்ளேயுள்ள ரப்பர் சவ்வு கிழிந்தால் டீசல் வெளியே வராமல் எஞ்சின் ஆயிலுக்குள் போகலாம். ஆயில் குச்சியில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும். முகர்ந்தால் டீசல் வாடை. ஆயில் நீர்த்தால் பேரிங் தேயும். மட்டம் ஏறினால் எஞ்சினை ஓட்டாதீர்கள். பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் முழுக்க மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட்.

கரையில் இருந்தால் இவை எல்லாம் முறைப்படி நடக்கும். நடுக்கடலில்? அங்கே பழுதை முழுசாகச் சரிசெய்வதல்ல, கரை சேரும்வரை எஞ்சினை ஓடவைப்பதுதான் குறி. உறிஞ்சும் பக்கத்தில் எந்தக் கோளாறாக இருந்தாலும் மேலே சொன்ன கேனே மருந்து. எஞ்சினைவிட உயரத்தில் கட்டாயமாகக் கட்டி, ஃபில்டர் வழியாக இறக்கிவிட்டால் அந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்கிவிடலாம். ஓவர்ஃப்ளோவையும் அதே கேனுக்குத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் கேன் காலியாகி டேங்க் நிறையும். குறைந்த அழுத்தத்து உலோகக் குழாய் விரிசல் விட்டால், அந்த இடத்தை வெட்டியெடுத்து இரு முனையையும் ஹோஸால் இணைத்துக் கிளிப் போடலாம். கடும் அழுத்தக் குழாய் ஒன்று பிளந்தால் அந்தச் சிலிண்டரை விட்டுவிடுவதுதான் வழி. பம்பின் அந்த வாயை அடைக்கக் கூடாது, அழுத்தம் போக இடமில்லாமல் பம்பே உடையும். அதிலிருந்து வரும் டீசலை ஒரு டப்பாவில் சேரும்படி செய்து, மிச்சமிருக்கும் சிலிண்டர்களில் மெதுவாக ஓட்டலாம். மூன்று சிலிண்டர் எஞ்சின் இரண்டில் குலுங்கிக்கொண்டே ஓடும், ஆனால் துறைமுக வாய் வரை ஓடும். டப்பாவை அடிக்கடி காலிசெய்ய ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சிந்திய டீசலைக் கடலுக்குள் இறைத்துவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். படகின் தானியங்கி இறைப்பான் ஓடினால் துறைமுகத்தில் எண்ணெய்ப் படலம் பரவும். இறாலும் மீன்குஞ்சும் வளரும் கழிமுகங்களில் அது செய்யும் கேடு பல மாதம் நிற்கும். பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றினால் படலம் மறையும், டீசல் மறையாது. துளித்துளியாக உடைந்து நீருக்குள் இறங்கி இன்னும் மோசமாகும். டீசலை மட்டும் உறிஞ்சும் திண்டுகள் கிடைக்கின்றன. அவை இல்லாதபோது பழைய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்துக் கரைக்குக் கொண்டுவருவதே முறை. கசிவு இருப்பது தெரிந்தால் இறைப்பானின் தானியங்கி சுவிட்சை நிறுத்திவிட்டு, படகில் தண்ணீர் ஏறுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்வது? பாய்ப்படகு எஞ்சின் ஏதோ தனிப் பிறவி என்ற எண்ணம் படகுக்காரர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் இருக்கிறது. அது சரியல்ல. பீட்டா என்ற பிரிட்டிஷ் படகு எஞ்சின் அடிப்படையில் குபோட்டா. அந்தக் குபோட்டாவின் டிராக்டரும் நடவு இயந்திரமும் நம் வயல்களில் ஓடுகின்றன. எத்தனையோ பழைய பாய்ப்படகுகளில் இன்றும் ஓடும் 4-108 எஞ்சின் பெர்கின்ஸ் செய்தது. பெர்கின்ஸ் உரிமத்தில் டீசல் எஞ்சின் செய்தது சென்னை செம்பியத்தில் உள்ள சிம்சன் நிறுவனம். கடல்நீரால் குளிரூட்டுவதும் துருவும்தான் வேறு. டீசல் லைன் அதே லைன். சிஃப்நெட் என்ற மத்திய மீன்வளக் கப்பல் பயிற்சி நிறுவனம் கொச்சியிலும் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் படகு எஞ்சின் பொருத்துநர்களுக்குப் பயிற்சி தருகிறது. அங்கே படித்தவர்கள் விசைப்படகுக்கும் கப்பலுக்கும் போகிறார்கள். பொம்மனஹள்ளி போன்ற இடத்துப் பம்ப்காரர்கள் கடலையே பார்க்காமல் இருக்கிறார்கள். இந்த இரண்டு அறிவும் சந்திக்க வேண்டும். அதற்கு நிறுவனம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போவதற்கு முன் படகுக்காரர் தன் எஞ்சினின் கடும் அழுத்தக் குழாய்கள் ஒவ்வொன்றையும் கழற்றி இங்கே கொண்டுவந்து, அதே துளையில், அதே நீளத்தில், அதே வளைவில் ஒரு ஜோடி செய்து வாங்கிப் போகலாம். கூடவே எல்லா அளவிலும் செம்பு வாஷர், ஃபில்டர் வளையம், ஃபீட் பம்பின் சவ்வு, இரண்டு மீட்டர் நல்ல ஹோஸ், கிளிப்புகள். குழாயும் ஹோஸும் தவிர மற்றவை ஒரு டிபன் டப்பாவில் அடங்கும். கழற்றிய குழாயின் இரு வாயையும் பிளாஸ்டிக் மூடியால் அடைத்து எடுத்து வாருங்கள், பையிலிருக்கும் தூசி ஒன்று உள்ளே போனாலும் நாசில் போய்விடும்.